மங்கலம்பேட்டை வரன் செட் ஆகவில்லை

கடலூர் துறைமுகத்தில் பூவரசனுக்காகப் பரிதாபப்படாத ஆளே கிடையாது. முப்பதைத் தொட்ட பையன். சொந்தமாகப் பைபர் படகு. பீடி இல்லை, பாட்டில் இல்லை. இருந்தும் மூன்று வருஷமாக ஒரு பெண் அமைய மாட்டேன் என்கிறது. அடுத்த வீட்டு விஷயம் துறைமுகம் முழுக்க எப்படித் தெரியும் என்று கேட்டால், அவனேதான் வயர்லெஸ்ஸில் சொல்கிறானே! கடலில் இருக்கிற எந்தப் படகும் கேட்கலாம்.

"மாமா, அந்தத் திருவதிகைப் பொண்ணு, பத்தாவது படிச்சது, நமக்கு செட் ஆவல மாமா."

"வுட்றா, வேற எடம் பாப்போம்" என்பார் இன்னொரு படகிலிருந்து தட்சிணாமூர்த்தி. அவர் பூவரசனுக்கு மாமன் முறை.

மறுநாள் மங்கலம்பேட்டையில் ஒரு பெண். பிளஸ் டூ படித்தவள். அதுவும் செட் ஆகாது. அடுத்த வாரம் மறுபடி மங்கலம்பேட்டை, இந்தத் தடவை டிகிரி. அதுவும் ஊத்திக்கொள்ளும். மீன் ஏலக் கொட்டகையில் மற்ற குப்பத்துப் பெண்கள் பூவரசனின் அம்மா மங்கம்மாவை நிறுத்தி வைத்து, குலதெய்வத்துக்கு ஏதாவது குறை வைத்துவிட்டீர்களா என்று அக்கறையாக விசாரிப்பார்கள். மங்கம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு தலையை ஆட்டுவாள். பாவம் அழுகிறாள் என்று நினைத்துக்கொள்வார்கள். சிரிப்பை அடக்க அவள் படுகிற பாடு அவளுக்குத்தான் தெரியும்.

ஏனென்றால் திருவதிகையிலும் பெண் கிடையாது, மங்கலம்பேட்டையிலும் பெண் கிடையாது. திருவதிகை என்றால் வடக்கே. மங்கலம்பேட்டை என்றால் தெற்கே. பெண்ணின் படிப்பு என்பது கடலின் ஆழம். இரண்டு கையையும் விரித்தால் எவ்வளவு நீளமோ அது ஒரு பாகம். பத்தாவது படித்த பெண் என்றால் பத்துப் பாகத் தண்ணீர், பிளஸ் டூ என்றால் பன்னிரண்டு, டிகிரி என்றால் பதினைந்து. செட் ஆகவில்லை என்று சொன்னால் மீன் கூட்டம் நிற்கிறது, போட்டதைப் போட்டபடி விட்டுவிட்டு ஓடிவா என்று அர்த்தம். செட் ஆகிவிட்டது என்று சொன்னால் இங்கே ஒரு மண்ணும் இல்லை, வராதே என்று அர்த்தம்.

இந்தப் பேச்சு ஐந்து படகுக்காரர்களுக்கும் அவர்கள் வீட்டாருக்கும் மட்டும் தெரியும். அந்த ஐந்தும் ஒரு செட்டு. ஒருவன் கண்ணில் மீன் பட்டால் மற்ற நால்வருக்கும் சொல்லியாக வேண்டும், ஒருவன் இஞ்சின் நின்றுபோனால் மற்ற நால்வரும் போய் இழுத்து வர வேண்டும். அதுதான் செட்டு. ஆனால் வயர்லெஸ்ஸில் பேசினால் ஊரே கேட்கும். மீன் என்ற வார்த்தையை ஒருவன் வாய் தவறிச் சொன்னால் போதும், விசைப்படகுகள் எல்லாத் திசையிலிருந்தும் வந்து இறங்கி, சின்னப் படகுக்காரன் வலையை விரிப்பதற்குள் கடலைத் துடைத்து எடுத்துக்கொண்டு போய்விடும். அதற்காகப் பூவரசன் கண்டுபிடித்த வழி இது. ஒருத்தனுக்குப் பெண் கிடைக்கவில்லை என்று கேட்டால் யாராவது டீசலை எரித்துக்கொண்டு வருவார்களா? வரமாட்டார்கள். "ஐயோ பாவம்" என்று சொல்லிவிட்டு அவரவர் வேலையைப் பார்ப்பார்கள்.

மங்கம்மாவுக்கு ஒரே ஒரு குறைதான். ஊரெல்லாம் இப்படித் தண்டோரா போட்டதில் நிஜமாகவே ஒருத்தரும் பெண் கொடுக்க வரவில்லை.

பூவரசனின் தங்கை பொன்னி சிதம்பரத்தில் இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்தாள். எம்.ஏ. முடித்தவள். கீழவீதிக்குப் பின்னால் ஒரு ஸ்போக்கன் இங்கிலீஷ் சென்டர், அதில் வேலை. தினமும் காலையில் கடலூரில் பஸ் ஏறினால் சாயங்காலம் திரும்பி வருவாள். அங்கே கூட வேலை பார்த்தவள்தான் ஜான்சி. எம்.ஏ.விலும் ஒரே வகுப்பு, ஒரே பெஞ்சு. சிதம்பரத்துக்காரி, நல்ல குரல், நல்ல சிரிப்பு. காமிரா முன்னால் நிற்க வைத்தால் பிறந்ததிலிருந்து அங்கேயே நிற்பவள் மாதிரி இருப்பாள். பொன்னிக்கு அது வராது. அவளைக் காமிரா முன்னால் நிறுத்தினால் பாஸ்போர்ட் போட்டோவுக்கு வந்தவள் மாதிரி விறைத்துப்போவாள்.

ஆகவே இருவரும் வேலையைப் பிரித்துக்கொண்டார்கள். ‘ஒரு வார்த்தை சொல்லட்டா’ என்று ஒரு யூடியூப் சேனல். வாரத்துக்கு ஓர் இங்கிலீஷ் வார்த்தை. அது எங்கே பிறந்தது, யார் யார் வீட்டில் வளர்ந்தது, நம் ஊருக்கு வந்து என்னவெல்லாம் செய்கிறது என்று பத்து நிமிஷம். எழுதுவது பொன்னி, பேசுவது ஜான்சி. திரையில் பொன்னியின் பெயர்கூட வராது. அவளே வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். ஜான்சி வேறு, தான் வேறு என்று அவள் நினைத்ததே இல்லை. இப்படி ஒரு முட்டாள்தனம் நல்ல மனசு உள்ளவர்களுக்குத்தான் வரும், என்ன செய்வது.

செட் என்ற வார்த்தையை எடுக்கலாம் என்று சொன்னதும் பொன்னிதான். அகராதியில் மிக அதிக இடத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் வார்த்தைகளில் அது ஒன்று. பார்வைக்கு ஒரு வார்த்தை, பூர்வீகத்தில் இரண்டு. ஒன்று பழைய இங்கிலீஷ் வினை. உட்கார வை, நிறுத்தி வை என்று பொருள். மேஜைமேல் தட்டை வைப்பதும், முறிந்த எலும்பைச் சேர்த்து வைப்பதும், கடிகாரத்தில் அலாரம் வைப்பதும், சிமெண்டு இறுகுவதும், சூரியன் சாயங்காலம் போய் அமர்வதும் அந்த வழியில் வந்தவை. இன்னொன்று லத்தீனில் பிறந்து பிரெஞ்சு வழியாக வந்தது. ஒருவரைப் பின்தொடர்ந்து போகிற கூட்டம் என்று அதற்கு அர்த்தம். இரண்டும் இங்கிலாந்தில் வந்து சேர்ந்து, எது யாருடைய பிள்ளை என்று பிரித்துச் சொல்ல முடியாத அளவுக்குக் கலந்துவிட்டன.

நம் ஊருக்கு வந்தபிறகு அது போட்ட ஆட்டம் கொஞ்சமா? வயலில் பம்பு செட்டு. கோயில் திருவிழாவில் மைக் செட்டு. டம்ளர் தண்ணீரில் பல் செட்டு. இலையில் செட் தோசை. கல்லூரியில் 'அவ எங்க செட்டு'. மாமியாருக்கும் மருமகளுக்கும் 'செட் ஆவல'. இந்தக் கடைசிப் பிரயோகத்தை லண்டனில் போய்ச் சொன்னால் ஒருத்தருக்கும் புரியாது. இது முழுக்க முழுக்க நாம் செய்துகொண்டது என்று பொன்னிக்கு ஒரே பெருமை. மீனவர்கள் ஐந்து படகைச் சேர்த்து செட்டு என்று சொல்வதில் அந்த லத்தீன் அர்த்தம் பழுதில்லாமல் அப்படியே இருக்கிறது என்றும் எழுதியிருந்தாள். அதற்கு மேல் படகைப் பற்றி ஒரு வரி எழுதவில்லை.

எழுதவில்லை, சரி. ஆனால் சொல்லியிருந்தாள். மேலவீதிப் பக்கம் ஒரு மெஸ்ஸில் இருவரும் இட்லியும் கத்தரிக்காய் கொத்சும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோதுதான் அது நடந்தது. அன்று காலையில் பூவரசன் கடலிலிருந்து திரும்பும் வழியில், தான் வயர்லெஸ்ஸில் பேசியதைப் போனில் பதிவு செய்து தங்கைக்கு அனுப்பியிருந்தான். உன் அண்ணனை இன்றைக்கும் ஒருத்தி வேண்டாம் என்று சொல்லிவிட்டாள் பார் என்று கேலியாக ஒரு வரி வேறு. அதைக் கேட்டுப் பொன்னி தனியாகச் சிரித்தாள். என்னடி என்று ஜான்சி கேட்டாள். பொன்னியால் அடக்க முடியவில்லை. திருவதிகை, மங்கலம்பேட்டை, பத்தாவது, பிளஸ் டூ எல்லாவற்றையும் விளக்கிச் சொன்னாள். ஜான்சி சிரித்த சிரிப்பில் கொத்சு சட்டையில் சிந்தியது. எனக்கும் அனுப்புடி என்றாள். அனுப்பினாள்.

"வெளிய வுட்றாதடி. எங்க படகுப் பொழப்பே இதுலதான் இருக்கு."

"எங்கம்மா சத்தியமா ஒருத்தர்கிட்டயும் சொல்ல மாட்டேன். லூசாடி நீ? எனக்குத் தெரியாதா?"

அதற்கப்புறம் மாசி மகத்துக்கு ஜான்சி கடலூர் வந்தாள். சாமிகளெல்லாம் கடலுக்கு வந்து தீர்த்தவாரி கண்டு திரும்பிய பிறகு, பொன்னி வீட்டில் உட்கார்ந்து சாப்பிட்டாள். மங்கம்மா பக்கத்திலேயே உட்கார்ந்து வஞ்சிர மீனில் நடுத்துண்டாகப் பார்த்துப் போட்டாள். தட்சிணாமூர்த்தியும் வந்து, பாப்பா நம்ம பொன்னிக்குக் கூடப் பொறந்தவ மாதிரி என்று சொல்லிவிட்டுப் போனார்.

செட் வீடியோ ஒரு வியாழக்கிழமை சாயங்காலம் வெளியானது. பொன்னி பார்க்கவில்லை. தான் எழுதியதைத் தானே என்ன பார்ப்பது?

மறுநாள் காலை கடலில் பூவரசன் கண்ணில் கானாங்கத்தை மீன் பட்டது. தண்ணீர் மேல் மழை விழுகிற மாதிரி கூட்டம் புரண்டுகொண்டிருந்தது. வெகுநாளாக இப்படி ஒரு கூட்டம் கிடைக்கவில்லை. மைக்கை எடுத்தான். "மாமா, மங்கலம்பேட்டைப் பொண்ணு, பிளஸ் டூ, செட் ஆவல மாமா!" என்றான்.

தட்சிணாமூர்த்தி பதில் சொல்வதற்குள் வேறு ஏதோ ஒரு குரல் குறுக்கே வந்தது.

"மச்சான், நாங்களும் பொண்ணு பாக்க வர்றோம், காப்பி போட்டு வைக்கச் சொல்லு!"

இன்னொரு குரல்: "பிளஸ் டூன்னா பன்னெண்டு பாகம்தான மச்சான்? கரெக்டா?"

வயர்லெஸ் முழுக்கச் சிரிப்பு. அரை மணி நேரத்துக்குள் வடக்கிலிருந்தும் தெற்கிலிருந்தும் படகுகள் வந்து குவிந்தன. வலைமேல் வலை விழுந்தது. மீன் கலைந்து போனது. தட்சிணாமூர்த்தி முந்தின மாதம்தான் இறக்கிய புது வலையை ஒரு விசைப்படகின் அடியில் சுழலும் விசிறி கிழித்துச் சுருட்டிக்கொண்டு போனது. ஐந்து படகும் வெறும் பெட்டியோடு கரைக்கு வந்தன. வருகிற வழியெல்லாம் யாராவது ஒருத்தன் கையை ஆட்டி, "பொண்ணு செட் ஆச்சா பூவரசா?" என்று கேட்டுக்கொண்டே போனான்.

பொன்னி அப்போது சிதம்பரம் போகிற பஸ்ஸில், புதுச்சத்திரம் தாண்டியிருந்தாள். அம்மா போன் செய்தாள். மங்கம்மாவுக்குக் கோர்வையாகப் பேச வரவில்லை.

"போன்ல போட்டுட்டாங்களாம்மா. உன் அண்ணன் பேசுனது அப்டியே வருதாம். பசங்க எல்லாம் கேட்டுட்டுச் சிரிக்கிறானுங்க. அது யாரு, அந்த சிதம்பரத்துப் பொண்ணாமே? நம்ம வூட்டுக்கு வந்துச்சே, அதுவா? அது இல்லல்ல?"

பொன்னி அடுத்த நிறுத்தத்தில் இறங்கினாள். ரோட்டைத் தாண்டி நின்று கடலூர் போகிற பஸ்ஸைப் பிடித்தாள். ஜன்னலோரம் உட்கார்ந்து, காதில் இயர்போன் மாட்டிக்கொண்டு, வீடியோவைப் போட்டாள்.

எல்லாம் அவள் எழுதிய வரிகள். பம்பு செட்டு வந்தது, பல் செட்டு வந்தது, மாமியார் வந்தாள். முடியப்போகிறது என்று அவள் மூச்சு விட்டபோது ஜான்சி காமிராவுக்குக் கிட்டே வந்து, ரகசியம் சொல்கிற மாதிரி குரலைத் தாழ்த்தினாள். "கடைசியா ஒரு மீனிங். இது உலகத்துல எந்த டிக்ஷனரிலயும் கெடையாது. நம்ம கடலூர் கடல்ல மட்டும்தான் இருக்கு." பிறகு பூவரசனின் குரல். அதன் கீழே எழுத்துகள், அம்புக்குறிகள், ஒரு சின்னப் படகுப் படம். திருவதிகை வடக்கு, மங்கலம்பேட்டை தெற்கு, டிகிரி பதினைந்து பாகம். பள்ளிப் பிள்ளைக்கு விளக்குவது போல அத்தனை தெளிவாக இருந்தது. பிளாக் போர்டில் சொல்லிக்கொடுத்துப் பழகியவள் அல்லவா.

பொன்னிக்கு அழுகை வரவில்லை. முன் சீட்டுக் கம்பியில் நெற்றியை வைத்துக் குனிந்துகொண்டாள். பக்கத்து சீட்டுப் பெண், "எதுனா பண்ணுதாம்மா?" என்று கேட்டாள். ஒன்றுமில்லை என்று தலையை ஆட்டினாள். தெரியாத ஆள் செய்திருந்தால் திட்டித் தீர்த்துவிடலாம். இது அம்மா கையால் சாப்பிட்ட வாய். தன் தோளில் சாய்ந்து பஸ்ஸில் தூங்கிய தலை.

மத்தியானம் ஏலக் கொட்டகையில் செட்டு கூடியது. வெளியாள் யாரும் இல்லை. ஐந்து படகுக்காரர்கள், மங்கம்மா, ஐஸ் பெட்டி ஓரமாகப் பொன்னி. கண்ணாயிரம்தான் முதலில் குதித்தான். செட்டில் ஒரு படகுக்காரன்; பூவரசன் வயசுதான், கூட்டாளியும்கூட.

"மாசி மகத்துக்கு வந்து சோறு தின்னுட்டுப் போனவதான அது? அவளுக்கு எப்டி தெரியும்? வேற எப்டி தெரியும்ங்கறேன்?"

எல்லோரும் பொன்னியைப் பார்த்தார்கள். பொன்னி வாயைத் திறந்தாள். அதற்குள் பூவரசன் எழுந்து நின்றான்.

"அதுல இருக்கறது என் குரலு. என் வாயிலேர்ந்துதான் வெளிய போச்சு. வேற யாரையும் பேச வாணாம்."

"அண்ணா, நான்..."

"நீ சும்மா இரு."

தட்சிணாமூர்த்தி துண்டால் முகத்தைத் துடைத்தார். மறுபடியும் துடைத்தார். செட்டுப் பேச்சை வெளியே விட்ட படகு செட்டில் இருக்கக் கூடாது என்பது பூவரசனின் அப்பா காலத்திலிருந்து உள்ளது. அப்பா இருந்தபோது அவரே ஒரு படகை அப்படி வெளியே அனுப்பியிருக்கிறார். அது எல்லோருக்கும் தெரியும், பூவரசனுக்கும் தெரியும்.

"புதுசா ஒரு பேச்சு போட்டுக்கணும்டா" என்றார் தட்சிணாமூர்த்தி. "அது உனக்குச் சொல்ல முடியாது."

"சரிங்க மாமா."

அவ்வளவுதான். சண்டை இல்லை, சாபம் இல்லை. சண்டை போட்டிருந்தால் தேவலாம் போல இருந்தது. இனிமேல் பூவரசன் படகுக்கு மீன் இருக்கும் இடத்தை யாரும் சொல்லமாட்டார்கள். சின்னப் படகை வைத்துக்கொண்டு பெருங்கடலில் தன்னந்தனியாகத் தேட வேண்டும். இஞ்சின் நின்றால் யார் முதலில் வருவார்கள் என்ற நிச்சயம் இல்லை. மங்கம்மா கொட்டகைத் தூணைப் பிடித்துக்கொண்டே நின்றாள்.

அன்றே பொன்னி சிதம்பரம் போனாள். ஒரே ஒரு எண்ணம்தான் அவள் மனதில். ஜான்சி வந்து, தட்சிணாமூர்த்தி மாமா முன்னால் நின்று, தப்பு என்னுடையது, கேட்காமல் போட்டது நான் என்று சொல்லிவிட வேண்டும். மாமா இளகிய மனசுக்காரர். அண்ணனை மறுபடி சேர்த்துக்கொண்டாலும் சேர்த்துக்கொள்வார். பஸ் முழுக்க இதையே திரும்பத் திரும்ப நினைத்துக்கொண்டு போனாள்.

தன் வீட்டு மாடியறையில், வீடியோ எடுக்கிற வட்ட விளக்கை எரியவிட்டு ஜான்சி தலைவாரிக்கொண்டிருந்தாள்.

"வாடி! பாத்தியா? நம்ம சேனல்ல இது வரைக்கும் இவ்ளோ பேரு பாத்ததே இல்ல. ஏன்டி இன்னிக்கு வரல?"

பொன்னி நடந்ததைச் சொன்னாள். ஜான்சியின் கையில் சீப்பு அப்படியே நின்றது. முகம் மாறியது. அது நடிப்பில்லை என்று பொன்னிக்குத் தெரிந்தது. அதுதான் இன்னும் எரிச்சலாக இருந்தது.

"நான் யாரு பேரையும் சொல்லலயேடி. கடலூர்னு மட்டும்தான் சொன்னேன்."

"குரல் போட்டியே. திசை போட்ட, ஆழம் போட்ட. அப்புறம் பேரு எதுக்கு?"

"மீன் புடிக்கிறவங்க இங்கிலீஷ் சேனல் பாப்பாங்கன்னு எனக்கு எப்டிடி தெரியும்?"

இந்தக் கேள்வி பொன்னியைச் சுருக்கென்று குத்தியது. அவளும் மீன் பிடிக்கிற வீட்டிலிருந்து வந்தவள்தான். ஜான்சி அதை மறந்துவிட்டாளா, நினைவில் வைத்துக்கொண்டேதான் கேட்கிறாளா என்று தெரியவில்லை. கேட்டுத் தெரிந்துகொள்ள விருப்பமும் இல்லை.

"அம்மா சத்தியமா சொல்ல மாட்டேன்னியே ஜான்சி."

"ஆமா, சொன்னேன். அன்னிக்கு நிஜமாதான் சொன்னேன்." ஜான்சி கட்டிலில் உட்கார்ந்தாள். "சென்னைல ஒரு ஆன்லைன் கம்பெனி. ஆங்கர் வேலைக்கு என்னப் பாக்கறாங்க. ஒரு எபிசோடு அனுப்புங்க, எங்கயும் கேக்காத விஷயமா இருக்கணும்னு சொன்னாங்க. உன் ஸ்கிரிப்ட் நல்லாதான் இருந்துச்சு. ஆனா புஸ்தகத்துல கெடைக்கறதுதானடி அதெல்லாம். இது ஒண்ணுதான் யாருகிட்டயும் இல்லாதது."

"எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்."

"கேட்டா நீ வேணாம்னு சொல்லியிருப்ப."

எவ்வளவு சாதாரணமாகச் சொன்னாள்! பொன்னி வந்த காரியத்தைக் கேட்டாள். கடலூருக்கு ஒரு தடவை வா, மாமாகிட்ட நீயே சொல்லு, எங்க அண்ணனக் காப்பாத்து என்றாள். கெஞ்சித்தான் கேட்டாள். அதில் அவளுக்கு வெட்கம் இல்லை.

"அங்க வந்தா என்ன அடிச்சிட மாட்டாங்களா?"

"ஒருத்தரும் தொட மாட்டாங்க. நான் பக்கத்துலயே நிக்கறேன்."

ஜான்சி யோசித்தாள். வட்ட விளக்கை அணைத்தாள். "அந்தக் கடைசிப் பகுதிய எடுத்துடறேன். இப்பவே எடுத்துடறேன் பாரு. ஆனா அங்க வந்து நிக்கறதெல்லாம் என்னால முடியாதுடி. நாளன்னிக்கு சென்னைல இண்டர்வியூ. இந்த மாதிரி பிரச்சனைன்னு யாராவது வீடியோ எடுத்துப் போட்டா எனக்கு வேலை போயிடும்." பிறகு கொஞ்சம் கிட்டே வந்து பொன்னியின் கையைப் பிடித்தாள். "உன்னையும் ரைட்டரா எடுத்துக்கச் சொல்லிக் கேக்கறேன். சத்தியமா."

சத்தியம் என்ற வார்த்தை அந்த வாயிலிருந்து மறுபடி வந்ததும் பொன்னி கையை உதறினாள்.

"நீ நல்லா இருப்படி. நல்லாவே இருப்ப. உனக்கு எதுவும் ஒட்டாது" என்றாள். படி இறங்கும்போதுதான் அழுகை வந்தது. கீழே ஜான்சியின் அம்மா, காப்பி குடிச்சிட்டுப் போம்மா என்று கூப்பிட்டாள். பொன்னி திரும்பிப் பார்க்காமல் தெருவில் இறங்கி நடந்தாள்.

அந்தப் பகுதியை ஜான்சி சொன்னபடி எடுத்துவிட்டாள். எடுத்து என்ன பிரயோஜனம்? அதற்குள் அதை வெட்டி எடுத்து, பாட்டுச் சேர்த்து, ஆளுக்கு ஆள் அனுப்பியதில், துறைமுகத்தில் ஐஸ் உடைக்கிற பையன்வரை மனப்பாடம் செய்துவிட்டான்.

இரண்டு நாள் பூவரசன் தனியாகக் கடலுக்குப் போய் வந்தான். முதல் நாள் ஒன்றும் இல்லை. இரண்டாம் நாள் குழம்புக்கு ஆகிற அளவு. சாயங்காலம் மணலில் உட்கார்ந்து வலையைத் தைத்துக்கொண்டிருந்தான். கொஞ்ச தூரத்தில் மற்ற நான்கு படகுக்காரர்களும் வட்டமாக உட்கார்ந்து மெதுவாக ஏதோ பேசிக்கொண்டிருந்தார்கள். பொன்னி அண்ணன் பக்கத்தில் வந்து உட்கார்ந்ததும் அவர்கள் பேச்சை நிறுத்திவிட்டு வேறு ஏதோ பேச ஆரம்பித்தார்கள். புதுப் பேச்சாக இருக்கும்.

சிதம்பரத்தில் நடந்ததையெல்லாம் பொன்னி கொட்டித் தீர்த்தாள். ஆங்கர் வேலை, இண்டர்வியூ, கேட்டா வேணாம்னு சொல்லியிருப்ப என்று சொன்னது, ஒன்றையும் விடவில்லை. சொல்லச் சொல்ல ஆத்திரம் ஏறியது.

"கூடப் பொறந்தவளா நெனச்சேன்ணா அவள. நம்ப வெச்சி கழுத்தறுத்துட்டா. இப்டியும் ஒருத்தி இருப்பாளா? ஒருத்தர் நம்பி ஒரு விஷயத்தச் சொன்னா, அத வெச்சிக் காப்பாத்தத் தெரியாதா? அப்டி என்ன வாய் அது?"

பூவரசன் தலை நிமிராமல் கேட்டுக்கொண்டிருந்தான். ஊசி ஏறி இறங்கியது.

"யாருகிட்டயும் சொல்லாதன்னு சொல்லித்தான அவகிட்ட சொன்ன?"

"ஆமாண்ணா. சத்தியமே வாங்குனேன்."

அவன் நூலைப் பல்லால் கடித்து அறுத்தான்.

"நானும் உங்கிட்ட அப்டித்தாம்மா சொன்னேன்."

குரலில் கோபம் துளிகூட இல்லை. கேள்வி கேட்டான், பதில் வந்தது, சொன்னான், அவ்வளவுதான். ஜான்சியைத் திட்ட இன்னும் எத்தனையோ வார்த்தைகள் அவள் வாய்க்குள் தயாராக இருந்தன. இப்போது அதில் ஒன்றைக்கூடச் சொல்ல முடியவில்லை.

பூவரசன் வலையைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தான். பக்கத்தில் இருந்த டீசல் கேன் நிறைந்திருந்தது. தினமும் அதன் ஒரு காதை அவன் பிடிப்பான், இன்னொரு காதைப் பிடிக்கப் பொன்னியைக் கூப்பிடுவான். அவள் எழுந்து கையை நீட்டினாள். அவன் கேனைத் தானே தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, ஒரு பக்கமாகச் சாய்ந்து, படகை நோக்கி நடந்தான்.